செவப்புத் துணிக்கு மேல

அப்பு,

சாப்பிட்டுவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். வெறும் வயிற்றில் உனக்கு எதைச் சொன்னாலும் கோபம் வரும், அது உன் அப்பா வழி. ஓசூரில் டவர் வேலை முடிந்து வர இன்னும் பத்து நாளாகும் என்றாய். அதுவரை இதை நெஞ்சுக்குள் வைத்திருக்க என்னால் ஆகாது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், சொல்ல வந்தது நடுவில் காணாமல் போகும். வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்றால், அம்மா பேச்சை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன் நீ. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? அதனால்தான் உன் பழைய பாலிடெக்னிக் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை. கையெழுத்தைக் கிண்டல் பண்ணாமல் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. குலசாமிக்கு ஒன்று வைத்துவிட்டு வந்த கையோடு உன் அப்பா, "அடுத்து அண்ணன் வீடு. நாளைக்குக் காலையில மூணு பேரும் போய் வச்சுட்டு வந்துருவோம்" என்றார். நம் வழக்கத்தில் சாமிக்கு அடுத்த பத்திரிகை பெரியப்பாவுக்குத்தான். நீ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாய்: "மாடியில ஒரு கம்பம் நட எடங்குடுக்காத வீடு அது. அங்கிட்டு நான் வரமாட்டேன். நீங்க வேணா போங்க." அப்பா என்னைப் பார்த்தார். நான் பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவுகிறவள்போலக் குனிந்துகொண்டேன். மறுநாள் நீ பஸ் ஏறிவிட்டாய். கட்டு இன்னும் சாமி மாடத்தில் அப்படியே இருக்கிறது. அப்பு, அந்த வீட்டைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது பொய். கம்பத்துக்கு இடம் கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

வரப்போகிற மருமகளும் இதைப் படிக்கட்டும். நம் வீட்டுக்கு வருகிறவளுக்கு நம் வீட்டு அழுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு இரண்டு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாய். என்னடா பெட்டி என்று கேட்டால் "ரேடியோ" என்றாய். பாட்டுக் கேட்கிற ரேடியோ என்று நினைத்துக்கொண்டு, மல்லிகை எடுக்க வந்த பெண்களிடமெல்லாம் மகன் ரேடியோ ரிப்பேர் கடை வைக்கப்போகிறான் என்று சொல்லிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் சோற்றுத் தட்டு அகலத்தில் வெள்ளையாக ஒரு தட்டு, அதன் முதுகில் ஒரு சின்னப் பெட்டி. வெயிலிலும் மழையிலும் கூரை மேலேயே கிடக்குமாம், ஒன்றும் ஆகாதாம். ஒரு கட்டிடத்துக்கும் இன்னொரு கட்டிடத்துக்கும் நடுவே ஒயர் இல்லாமல் காற்றிலேயே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் என்று நீ சொன்னபோது, ஊரில் வேறு வேலையே கிடைக்கவில்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்திருக்கும்.

முதல் வேலை அந்த நூல் மில். மெயின் ரோட்டில் மில், ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய பெண்கள் விடுதி, நடுவில் நம் ஊர். மண்ணுக்குள் கேபிள் போட்டால் ரோடு தோண்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை வெட்டிவிட்டுப் போனார்கள். மில் கூரையில் ஒரு தட்டு, விடுதிக் கூரையில் ஒரு தட்டு, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி நின்றால் போதும் என்றாய். கயிறு பிடித்தாற்போல ஒரு கோடு, அவ்வளவுதானே என்று நான் கேட்டேன். "இல்லம்மா, கயிறு இல்ல. வெள்ளரிக்கா. ரெண்டு முனையும் சிறுத்து நடுவுல பெருத்திருக்கும். அந்த அம்புட்டு எடமும் காலியா இருக்கணும்" என்று கையை விரித்துக் காட்டினாய். அந்த வெள்ளரிக்காயின் பெருத்த நடுப்பகுதி விழுந்த இடம் பெரியப்பாவின் முருங்கைத் தோட்டம். அதை ஒட்டி அவருடைய வீடு. நம் ஊரில் இரண்டு மாடி எடுத்த ஒரே வீடு. அந்த மொட்டைமாடியில் ஒரு கம்பம் நட்டு, நடுவில் இன்னும் இரண்டு தட்டு வைத்துவிட்டால் எல்லாம் முருங்கைக்கு மேலேயே போய்விடும் என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினாய். அந்தப் படமும் இதே நோட்டில்தான் இருக்கிறது, இதற்கு முந்தின பக்கத்தில்.

நீயே போய்க் கேட்கிறேன் என்றுதான் கிளம்பினாய். உன்னைத் தடுத்தவள் நான். "நீ போகாத அப்பு, ஒன்னையச் சின்னப் பயன்னு நெனப்பாக. நான் ஒன் பெரியம்மாகிட்டக் கேக்குறேன்" என்றேன். அப்போதே அந்த வீட்டோடு பேச்சு நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் முறையில் ஏதோ தகராறு என்று மட்டும்தான் உனக்குத் தெரியும், நீ அப்போது பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய். முழுக்கதை இதுதான். பங்குக் கிணறு, ஒரே மோட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அந்தக் கோடையில் நம் முறையன்று பாதியில் மோட்டார் நின்றது. மல்லிகை வாடிக்கொண்டிருந்தது. அவர்கள்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நானே முடிவு பண்ணி, தெருவில் நின்று கத்தினேன். கத்தியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியம்மா வாசலுக்கு வந்து "என்னடி ஆச்சு" என்று கேட்டபோது, "அனுபவிக்கப் புள்ளையா குட்டியா, யாருக்கு இம்புட்டுத் தண்ணி ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை இல்லாத அந்த மனுஷி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் மோட்டார் ரூமைத் திறந்து பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. யாரும் எதையும் நிறுத்தவில்லை.

அன்றைக்கே ஓடிப்போய் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று விட்டேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. பிறகு வெட்கம், வெட்கம் போகப் போக வீம்பு. உனக்கு முதல் சோறு ஊட்டியவள் அவள். பள்ளிக்கூடம் விட்டால் நீ பை போடுகிற இடம் அந்த வீடு, நான் சோற்றுக்கு வைத்த வெஞ்சனம் பிடிக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடமும் அதுதான். அதையெல்லாம் தெரிந்துகொண்டே வாயை விட்டேன் பார். கல்யாணம் பண்ணப்போகிறவனுக்குச் சொல்கிறேன், மருமகளிடம் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டால் மறுநாள் காலைக் காப்பிக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடு. இரண்டு நிமிஷ வேலை அது. நான் தள்ளிப்போட்டு ஒன்பது வருஷம் ஆக்கிவிட்டேன்.

கம்பத்துக்கு இடம் கேட்கப் போனேன் என்பது மட்டும் நிஜம். அவர்கள் கேட் வரைக்கும் போனேன். கொக்கியில் கை வைத்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. என்ன சொல்லிக் கூப்பிடுவது, அக்கா என்றா? கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? தெருவில் யாரோ சைக்கிளில் வந்தார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். நீ வீட்டு வாசலிலேயே நின்று "என்னம்மா சொன்னாக?" என்று கேட்டாய். "முடியாதுன்னுட்டாக" என்றேன். ஒரே சொல். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தும் நான் மாற்றிச் சொல்லவில்லை. அன்றையிலிருந்து நீ பெரியப்பாவைத் தெருவில் பார்த்தால் வண்டியை வேகமாக முறுக்கிக்கொண்டு போனாய். அவர் ஓரமாக ஒதுங்கி நின்று உன் வண்டி போகிற திசையையே பார்ப்பார். நான் ஜன்னலிலிருந்து இரண்டையும் பார்ப்பேன்.

வேறு வழியில்லாமல் இரண்டு கூரையிலும் உயரமான குழாய்க் கம்பம் நட்டு, முருங்கைத் தோட்டத்துக்கு மேலாகவே நேராக விடுவது என்று முடிவு செய்தாய். என் பழைய சிவப்புச் சுங்குடியை நீ கிழித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? நல்ல சேலை அது. எதற்கு என்றால், உயரம் பார்க்கத் தோட்டத்து நடுவில் மூங்கில் நட்டு அதன் நுனியில் கட்டப்போகிறேன் என்றாய். நீயும் உன் கூட்டாளி பாண்டியும் தோட்டத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வரப்பு வழியாகப் போய் நட்டுவிட்டு வந்தீர்கள். அது புரட்டாசி மாதம். காய் ஓய்ந்து கவாத்து பண்ணி, மரமெல்லாம் இடுப்பளவுக்கு மொட்டையாக நின்ற சமயம். முருங்கைக்காட்டில் பிறந்து, முருங்கைக்காய் விற்ற காசில் படித்து, முருங்கை வளரும் என்பதை மறந்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான் அப்பு. இதை நான்கு வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

தட்டு மாட்டிய அன்று நடந்ததை மருமகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீ மில்லின் தண்ணீர் டேங்க் மேல். பாண்டிக்குக் காய்ச்சல், அதனால் விடுதிக் கூரையில் லேப்டாப்போடு நான். "ஒரு நம்பர் தெரியுதுல்ல, நல்ல நம்பர் வந்தா நிறுத்துன்னு சொல்லு" என்று போனில் சொல்லிவிட்டு நீ தட்டை அங்குலம் அங்குலமாகத் திருப்பினாய். எழுபது வந்தது, எழுபத்தாறு வந்தது. நான் மார்க் ஏறுகிறது என்று சந்தோஷமாக "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்றேன். எண்பத்தாறு வந்ததும் "நிறுத்துடா, டிஸ்டிங்ஷன்!" என்று கத்தினேன். நீயும் நம்பி நட்டை முறுக்கிவிட்டாய். ஒன்றுமே ஓடவில்லை. அரை நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான், "அம்மா, நம்பருக்கு முன்னாடி ஒரு கோடு இருக்கா?" என்று கேட்டாய். இருந்தது. நான் அதைத் திரையில் கீறல் என்று நினைத்திருந்தேன். அது மைனஸ், எண் சிறியதாக ஆக ஆகத்தான் நல்லது என்று நீ சொன்னபோது, விடுதிப் பெண்கள் சுற்றி நின்று என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! திரும்ப ஆரம்பித்து அறுபத்திரண்டில் நிறுத்தினோம். உனக்கு என்மேல் அன்றைக்குக் கோபமே வரவில்லை. கீழே இறங்கி வந்து "என் அசிஸ்டென்ட்" என்று வார்டனிடம் சொன்னாய். நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்.

தை பிறந்ததும் ஆரம்பித்தது தலைவலி. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த முருங்கை மளமளவென்று ஏறிவிட்டது. பனி பிடித்த காலையில் இலையெல்லாம் ஈரமாக நிற்கும்போது சுத்தமாக நின்றுவிடும், வெயில் ஏறினால் கொஞ்சம் வரும், காற்று அடித்தால் மறுபடி போகும். விடுதிப் பெண்கள் வீட்டோடு பேச முடியாமல் வார்டனிடம் சண்டை போட்டார்கள். மில் மேனேஜர் எல்லார் முன்னாலும் உன்னை நிற்க வைத்து, ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் கழற்றிக்கொண்டு போய்விடு என்றார். நீ கம்பத்தை இன்னும் இரண்டு அடி உயர்த்தினாய், அதற்குமேல் குழாய் தாங்காது. இரண்டாம் நாள் மத்தியானம் சோறு கொண்டுவந்தேன். டேங்க் நிழலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். துண்டு நனைந்திருந்தது, அது வேர்வை இல்லை என்று எனக்குத் தெரியும். "அந்த மாடி மட்டும் கெடச்சிருந்தா இது ஒண்ணுமே இல்லம்மா" என்றாய். "நான் கேட்கவில்லை, போய்க் கேள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே தீர்ந்திருக்கும். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான், கேட்டில் திரும்பியதுகூட இல்லை.

மூன்றாம் நாள் காலையில் நீ லேப்டாப்பைத் திறந்தால் எண்பத்துச் சொச்சத்தில் கிடந்தது அறுபத்துமூன்றில் நின்றது. "ரெண்டடி ஒசத்துனது வேல செஞ்சுருச்சு பாத்தியா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாய். திண்டுக்கல்லிலிருந்து பிரியாணி வாங்கி வந்தாய், நாமும் பாண்டியும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு உனக்கு ஏறுமுகம்தான். அந்த விடுதியைக் காட்டித்தான் அகரத்துத் தேங்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி வேலை வந்தது, ஆத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடங்கள் வந்தன, இப்போது செல்போன் டவருக்கும் டவருக்கும் நடுவே ரேடியோ மாட்ட ஓசூர் வரை கூப்பிடுகிறார்கள். விடுதியில் ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி, அவள் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது என்னைப் பார்த்துவிட்டால் இழுத்துக்கொண்டுபோய் "இவங்க மகன்தான்மா" என்று காட்டுவாள். அந்த அம்மா அங்கிருந்து கையெடுத்துக் கும்பிடுவாள். நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நானும் கும்பிடுவேன்.

அதே தையில்தான் ஊரெல்லாம் இன்னொரு பேச்சு. பெரியப்பா பூ வைத்த முருங்கையை வெட்டுகிறார் என்று. பூவும் பிஞ்சுமாக நிற்கிற மரத்தை வெள்ளாமை பண்ணுகிற எந்தச் சம்சாரி வெட்டுவான்? அதுவும் தோட்டம் முழுக்க இல்லை, நடுவில் இரண்டே வரிசை. டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று அதிகமாகச் சிரித்தவள் நான். நீயும் சிரித்தாய். வருஷா வருஷம் இது நடந்தது, வருஷா வருஷம் நாம் சிரித்தோம்.

போன புதன்கிழமை காலையில், நீ வராவிட்டாலும் நானாவது ஒரு பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன். தெரு வழியாகப் போக இன்னும் தைரியம் வரவில்லை, தோட்டத்து வரப்பு வழியாகப் போனேன். முருங்கைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. பெரியப்பா ஒரு முக்காலியில் ஏறித் துரட்டியோடு நிற்கிறார். முழங்கால் வலிக்குத் துணி சுற்றியிருக்கிறார். பெரியம்மா பத்துப் பதினைந்து அடி தள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்தபடி, "இன்னுஞ் செத்த வலது பக்கம். அந்தக் கொப்பு இல்ல, அடுத்தது. ஆங், நிறுத்துங்க" என்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு மூங்கில் நட்டிருந்தது. அதன் நுனியில் சிவப்புத் துணி. மேலே இருந்தது புதுத்துணி, பெரியம்மாவின் சேலைக் கிழிசல். அதற்குக் கீழே வெளுத்துப்போய் நாலு நூலாகத் தொங்கியது என் சுங்குடி.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். பெரியப்பாதான் முதலில் பேசினார். "வா தாயி" என்றார், நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுவதுபோல. "எதுக்கு மாமா பூவோட வெட்டுறீக?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது. அவர் துரட்டியை மரத்தில் சாத்தினார். "அன்னைக்குப் பய மூங்கி நட்டான்ல, நான் கெணத்து மேட்டுல படுத்துக் கெடந்தேன். என்னைய அவன் பாக்கல. செவப்புத் துணிக்கு மேல எல வரக்கூடாதுன்னு கூட்டாளிகிட்டச் சொன்னான். காதுல விழுந்துச்சு. அந்தத் தையில மில்லுல அவன வஞ்சாங்கன்னு கேள்விப்பட்டேன். வந்து பாத்தா, துணிய மூடி ஆளுயரத்துக்கு எல நிக்குது." முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டே, "பூவுதான போகுது. பய பொழப்புப் போயிறக் கூடாதுல்ல" என்றார். அந்த அறுபத்துமூன்று எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா அப்பு? உன் இரண்டடிக் குழாய் இல்லை அது.

அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. கிணற்றுமேட்டில் உட்கார்ந்து ஃபியூஸ் போனதைச் சொன்னேன், கேட்டிலிருந்து திரும்பியதைச் சொன்னேன், உன்னிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன், அழுதேன். பெரியம்மா என் கையைப் பிடித்து, "நீ கேட்டுல நின்னத அன்னைக்கே பாத்தேன்டி" என்றாள். "ஜன்னல்ல பாத்துட்டு, உள்ள வருவேன்னு காப்பிக்குப் பால வச்சேன். பால் பொங்கி வழிஞ்சதுதான் மிச்சம்." நான் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். பிள்ளையா குட்டியா என்று நான் கேட்டதை அவள் ஞாபகப்படுத்தவே இல்லை. "பய சாப்புடுறானா, எளைச்சுட்டான் போல" என்று உன்னைப் பற்றித்தான் கேட்டாள். இதற்கு நன்றி என்று எந்த வார்த்தையில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக என் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் விரோதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "தெரியும்" என்றார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் அண்ணனும் தம்பியும் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். பிறகு ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "நீ கேக்கலையே" என்கிறார் மனுஷன். இந்தக் குணம் மட்டும் உனக்கு வேண்டாம். மருமகள் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியதைச் சொல்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். நான்கு வருஷம் உன்னை ஒரு நல்ல மனுஷரோடு பேசவிடாமல் வைத்திருந்தேன், அந்த டேங்க் நிழலில் உன்னை அழவிட்டேன். என்னோடு பேசாமல் இருப்பதென்றால் இரு, தாங்கிக்கொள்கிறேன், ஒன்பது வருஷம் மட்டும் ஆக்கிவிடாதே. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு துளிகூட அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது. நான் கொண்டுபோன பத்திரிகையைப் பெரியப்பா வாங்கவில்லை. வருத்தத்தில் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், மாப்பிள்ளை கையால் வாங்குகிறேன் என்று. மணவறையில் உன் பக்கம் பெரியம்மா நிற்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், தெருவில் நின்று கத்த எனக்கு நன்றாகவே தெரியும், இந்தத் தடவை சரியான காரணத்துக்குக் கத்துகிறேன்.

கிளம்பும்போது, நான்கு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதையும் கேட்டுவிட்டேன். "மாமா, ஒங்க மாடியில பய ஒரு கம்பம் நட்டுக்கிறட்டுமா?" பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார், பெரியம்மா என்னைப் பார்த்தாள். "எந்த மூலை வேணும்னு அவனே வந்து பாக்கட்டும்" என்றார்.

அவரால் இனி முக்காலியில் ஏற முடியாது அப்பு. ஓசூரிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத் தாம்பாளத்தை எடு. வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்து வைத்திருப்பேன். தெரு வழியாகவே போ, எல்லாரும் பார்க்கட்டும். பத்திரிகையைக் கொடு, இரண்டு பேர் காலிலும் விழு, மாடிக்குப் போய் மூலையைப் பார், பெரியம்மா காப்பி கொடுத்தால் குடித்துவிட்டே வா. அடுத்த நாளே கம்பத்தை நடு. விடுதிக் கூரைக்கு லேப்டாப்போடு நான் போகிறேன், மைனஸ் எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. நம்பர் நல்லபடியாக நின்ற பிறகு தோட்டத்துக்குள் போய் அந்த மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடு. அந்த இரண்டு வரிசையும் இந்த வருஷமாவது பூக்கட்டும்.

உன்
அம்மா